ஜூலை மாத டர்பன் வானம்: அம்மாவுக்கு எதைக் காட்டலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஜூலையில் அம்மா திருச்சியிலிருந்து மூன்று வாரம் தங்க வருகிறார், சின்ன வயதில் மொட்டை மாடியில் பாய் விரித்து நட்சத்திரம் காட்டியவர் அவர்தான், இங்கே நான் அவருக்கு என்ன காட்டலாம், துருவ நட்சத்திரம் எங்கே போயிற்று, டெலஸ்கோப் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்குப் பழகிய வானம் இங்கே இருக்கிறதா, இருந்தால் எந்த மூலையில்? இருக்கிறது. ஜூலையில் அதன் பெரும்பகுதி நம் ஊரில் தெரிவதைவிட இங்கே உயரத்தில், தலைக்கு மேலேயே ஓடுகிறது. அதனால் தென் வானத்தின் புதிய பெயர்களை முதலில் எடுக்காதீர்கள். அம்மாவின் வாயில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

நான் இயற்பியல் ஆசிரியர். சேரன்மகாதேவிப் பக்கம் பிறந்தேன். 1999 இல் இந்த நாட்டுக்கு வந்து, டர்பனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஒரு பைனாகுலரும் 8 அங்குல டெலஸ்கோப்பும் என் கருவிகள். ஜூலை பிறந்தால் இரண்டு மூன்று இரவாவது டிராக்கென்ஸ்பர்க் மலையடிவாரத்துக்குப் போய்விடுவேன். வானியலை ஆராய்ச்சியாகச் செய்தவன் அல்ல, ஜோதிடமும் எனக்குத் தெரியாது. நட்சத்திரங்களின் பெயர்களை நம் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துக்கொள்வேன், பலன்களை எடுத்துக்கொள்ள மாட்டேன். கீழே சொல்லும் நேரங்கள் எல்லாம் ஜூலை நடுவில் டர்பனுக்குப் பொருந்துபவை. ஒவ்வொரு நட்சத்திரமும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி உதிப்பதால், மாதத் தொடக்கத்தில் இதே காட்சி ஒரு மணி நேரம் பிந்தியும் மாத முடிவில் ஒரு மணி நேரம் முந்தியும் கிடைக்கும்.

துருவனை முதலில் முடித்துவிடுகிறேன். ஓர் ஊர் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். சென்னையில் 13 டிகிரி, திருச்சியில் 11க்குச் சற்றுக் குறைவு, எங்கள் ஊரில் 9 கூட இல்லை. பூமத்திய ரேகையில் அது அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். டர்பன் 30 டிகிரி தெற்கே இருப்பதால், அது நம் வடக்கு அடிவானத்துக்குக் கீழே 30 டிகிரியில் இருக்கிறது, ஒருநாளும் உதிக்காது. 1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த ட்ரூரோ கப்பலை நான் அடிக்கடி நினைப்பேன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு அதில் வந்தவர்களில் யாராவது இரவில் மேல்தளத்தில் படுத்திருந்தால், துருவன் நாளுக்கு நாள் தாழ்ந்து ஒருநாள் இல்லாமலே போனதைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டாவது, நிற்கும் திசை. நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி சூரியனும் நிலாவும் தலைக்கு மேலோ சற்றுத் தெற்கேயோ போகும். இங்கே ஜூலை நண்பகலில் சூரியன் வடக்கே, 40 டிகிரி உயரம்கூட எட்டாமல் போகிறது. அதைப் பார்த்து நின்றால் கிழக்கு உங்கள் வலக்கைப் பக்கம், மேற்கு இடக்கைப் பக்கம். ஆகவே எல்லாம் வலமிருந்து இடமாக நகரும். வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது இதனால்தான். முதல் ஜனவரியில் ஓரையன் வேடனைத் தேடி வெளியே வந்தால் அவன் தலைகீழாகத் தொங்குகிறான். வானம் மாறவில்லை, நான் உருண்டையின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் தெற்கே பார்த்துக் கற்றுக்கொண்ட உருவங்களை இங்கே வடக்கே பார்த்து நின்று தேடினால் கவிழ்ந்துதான் தெரியும். அம்மாவைச் சாய்வு நாற்காலியில் படுக்க வையுங்கள், கால் மேற்கேயும் தலை கிழக்கேயும் இருக்கட்டும். படுத்துப் பார்க்கும்போது தலைகீழ் என்ற குழப்பமே வராது.

இரவு 8 மணிக்கு அப்படிப் படுத்தவரின் கண்முன் நம் 27 நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதி ஒரே வளைவில் நிற்கும். காலடியில், மேற்கு அடிவானத்தில், சிங்கத்தின் நெஞ்சான மகம் மறைந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் சிங்கத்தின் வால் நுனி உத்திரம். இன்னும் மேலே ஏறினால் நான்கு நட்சத்திரங்கள் சாய்ந்த சதுரமாக நிற்கும் அஸ்தம், பக்கத்திலேயே வெண்ணீலமாகச் சித்திரை. வலது கைப்பக்கம், வடக்கே 40 டிகிரி உயரத்தில், செம்மஞ்சளாகத் தனித்து எரிவது சுவாதி. உச்சிக்குச் சற்று முன்னால் மங்கலான விசாகம். உச்சியில் அனுஷமும் கேட்டையும். தலைக்குப் பின்னால் மூலம், அதற்கும் பின்னால் பூராடம், உத்திராடம். கிழக்கு அடிவானத்துக்கு மேலே இப்போதுதான் எழுந்த திருவோணம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இந்தப் பெயர்கள் வரிசை தப்பாமல் மனப்பாடம். யாருக்கு எந்த நட்சத்திரம் என்பதும் தெரியும். கோவிலில் பெயருக்குப் பிறகு சொல்லும் அந்தச் சொல் வானத்தில் கைகாட்டக்கூடிய ஒரு பொருள் என்பது மட்டும் பலருக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஜூலைக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி நிரல் எனக்குத் தெரியாது.

இந்த வரிசையில் எது உறுதி, எது கருத்து வேறுபாட்டுக்கு உரியது என்பதையும் சொல்ல வேண்டும். மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் ஆகியவற்றுக்கு எந்த நட்சத்திரம் என்பதில் சந்தேகமே இல்லை. மூலம் என்றால் தேள் உருவமான விருச்சிகத்தின் கொடுக்கு முனை மட்டுமா, வால் முழுவதுமா என்பதில் இரண்டு பேச்சு உண்டு. விசாகத்திலும் அப்படியே. இன்னொன்று, ராசிக் கட்டம் சரியாக 30 டிகிரி, வானத்து உருவங்களோ ஒன்று பெரிது ஒன்று சிறிது. அதனால்தான் மூலம் தேளின் வாலில் இருந்தும் தனுசு ராசியில் எண்ணப்படுகிறது. அம்மா கேட்டால் குழம்பாமல் இதைச் சொல்லிவிடலாம்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் தேளுக்குக் கொடுங்கள். திருச்சியில் கேட்டை தெற்கே 53 டிகிரிக்கு மேல் ஏறாது. இங்கே இரவு 9 மணிக்கு உச்சியிலிருந்து நான்கு டிகிரிக்குள் வந்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் இருந்தால் அங்கே அது சரியாக உச்சந்தலைக்கு நேர் மேலேயே கடக்கும். செந்நிறத்தில், லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் நெற்றிப்பட்டம் போல மூன்று நட்சத்திரங்கள் அனுஷம். பின்னால் வால் மணி மணியாக இறங்கி, வளைந்து, மறுபடி மேலேறி இரட்டை நட்சத்திரமாக முடிகிறது. நம் ஊரில் தெற்கு அடிவானத் தூசியில் பாதி மறைந்துபோகும் அந்த வால், இங்கே கறுப்புத் துணியில் தைத்ததுபோல் முழுதாக இருக்கும்.

ஓர் இரவைச் சொல்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரம், தெரு முழுக்க இருட்டு. நண்பரின் ஆயாவுக்கு அப்போது 83 வயது. அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில், காலில் கம்பளி உறையும் தோளில் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார். நட்சத்திரம் என்ன ஆயா என்று கேட்டேன். மூலம் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லியே தன் கல்யாணத்தை நாலு வருடம் தள்ளிப்போட்டார்கள் என்றார். டார்ச்சின் ஒளிக்கற்றையை மேலே நீட்டி, கேட்டையிலிருந்து வால் வழியாக மெல்ல இழுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கில் நிறுத்தினேன். அருகருகே இரண்டு வெண்புள்ளிகள். அவர் கழுத்தை நாற்காலி முதுகில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். “எத்தினி வருசமா பேரைச் சொல்லிக்கினு இருக்கேன், இப்பத்தான் மூஞ்சியப் பாக்கறேன்” என்றார். அந்த நட்சத்திரத்தின் ஒளி அங்கிருந்து கிளம்பி நம்மிடம் வரச் சில நூறு ஆண்டுகள் ஆகிறது. டர்பனில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதை அவரிடமும் சொன்னேன், உங்கள் அம்மாவிடமும் சொல்லலாம்.

தேளின் வாலுக்குப் பக்கத்தில்தான் ஜூலையின் பெரிய செல்வம் இருக்கிறது. கொடுக்குக்கும் பூராடத்துக்கும் இடையே பால்வீதி அகன்று, புடைத்து, நடுவே கரும்பட்டைகளோடு தெரியும். அந்தப் புடைப்பின் பின்னால் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் நம் விண்மீன் மண்டலத்தின் மையம் இருக்கிறது. அந்த மையம் வானத்தில் 29 டிகிரி தெற்கே அமைந்திருப்பதால், இரவு 10 மணிக்குச் சற்றுப் பிறகு டர்பனின் உச்சியிலிருந்து ஒரு டிகிரிக்குள் கடக்கிறது. வெகு வடக்கே உள்ள தேசங்களில் இருப்பவர்களுக்கு அடிவானத்தோடு போகும் காட்சி இது. இந்நாட்டின் காரூ வறண்ட நிலத்தில் 64 வட்டில்களோடு நிறுவப்பட்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018 ஜூலை 13 அன்று தொடங்கப்பட்டபோது வெளியிட்ட முதல் பெரும்படம் இந்த மையத்துடையதுதான். கரும்பட்டைகள் வெற்றிடங்கள் அல்ல, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும் தூசு மேகங்கள். இந்த மண்ணின் பழங்குடியான சான் மக்கள் ஒரு கதை சொல்வார்கள்: இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று ஒரு பெண் அடுப்புச் சாம்பலை அள்ளி வானில் எறிந்தாள், அதுவே பால்வீதி. சாம்பலின் நிறம் எவ்வளவு சரி என்பது நகர விளக்குகளைத் தாண்டி வந்து பார்த்தால்தான் புரியும்.

பிறகு தெற்கே திரும்பி உட்காருங்கள். அம்மா தென் சிலுவையை ஊரில் பார்த்திருக்கக்கூடும், ஏப்ரல், மே மாதங்களில் திருச்சியில் தெற்கு அடிவானத்துக்கு மேல் அது 20 டிகிரி அளவுக்கு ஏறும். இங்கே ஜூலை இரவு 8 மணிக்குத் தென்மேற்கே, வானத்தின் பாதி உயரத்தில், வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அதற்கு இடதுபுறம் மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், சிலுவையைச் சுட்டிக்காட்டுவதுபோல. சிலுவையின் நீண்ட கட்டையை அதன் அடி நட்சத்திரத்திலிருந்து நான்கரை மடங்கு நீட்டினால் தென் துருவம் வரும். கையை முழுதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி. தெற்கு அடிவானத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முட்டி வைத்தாலும் அதே இடம் வரும். அங்கே துருவன்போல ஒன்றும் இல்லை, வெறும் இருட்டுதான். அந்த வெறுமையைச் சுற்றித்தான் தென் வானம் முழுக்கச் சுழல்கிறது. இந்தச் சிலுவையே திரிசங்கு என்று பலர் சொல்வார்கள். விசுவாமித்திரர் சொர்க்கத்துக்கு அனுப்பி, தேவர்கள் தள்ளி, தலைகீழாக நடுவானில் நின்றவனின் கதை தெற்கே தாழ்ந்து தெரியும் கூட்டத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. அந்த அடையாளம் எவ்வளவு பழையது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கதையைக் கதையாகச் சொல்லுங்கள்.

சுட்டும் இரண்டில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம், 4.4 ஒளியாண்டு. அதன் தூரத்தை அளப்பதற்கான கணிப்புகளைத் தாமஸ் ஹென்டர்சன் 1832, 1833 ஆண்டுகளில் கேப் டவுனில் இருந்துதான் எடுத்தார். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது, மங்கிய உறுப்பினரான பிராக்சிமா 4.24 ஒளியாண்டில் இருப்பதால் எல்லாவற்றிலும் அருகில் உள்ளது. அதை 1915 இல் ராபர்ட் இன்னஸ் ஜோகன்னஸ்பர்க்கில் கண்டறிந்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, நமக்கு மிக அருகில் உள்ள அயல் சூரியன் இந்த நாட்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மகிழ்ச்சி.

டெலஸ்கோப் கேள்விக்கு இங்கேயே பதில். வாங்காதீர்கள். மூன்று வாரத்துக்காக அவசரத்தில் வாங்கும் மலிவான டெலஸ்கோப் ஆடும் காலோடு வரும், வயதானவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்ப்பதற்குள் காட்சி நகர்ந்துவிடும். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தேளின் கொடுக்குக்கு அருகில் உள்ள இரண்டு கொத்துகள் அதில் மணி மணியாகப் பிரியும். சிலுவையின் இடப்பக்க நட்சத்திரத்தை ஒட்டி நகைப்பெட்டி என்ற சின்னக் கொத்து இருக்கிறது. சுட்டும் நட்சத்திரங்களுக்கு மேலே, வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றை நட்சத்திரம்போலத் தெரிவது ஒமேகா சென்டாரி. பைனாகுலரில் அது பஞ்சு உருண்டையாக மாறும். ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் கோளம் அது, 17,000 ஒளியாண்டுத் தொலைவில்.

அகத்தியரைத் தவறவிடாதீர்கள். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது. ஜூலையில் அவரை ஒரே இரவில் இரண்டு முறை பார்க்கலாம். இங்கே சூரியன் மாலை 5:10, 5:15க்கே மறைந்துவிடும். 6:40க்கு முழு இருட்டு. அப்போது தென்மேற்கே அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருப்பார். விடியற்காலை 5 மணிக்குத் தென்கிழக்கே மறுபடி ஏறியிருப்பார். தென்திசைக்குப் போன முனிவர் என்று நாம் சொல்லும் அந்த நட்சத்திரம் திருச்சியில் தெற்கே 27 டிகிரியோடு நின்றுவிடும். இங்கே கோடைகால இரவுகளில் வானத்தின் உயரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றினாலும் வியப்பில்லை.

அவருக்கு அதிகாலை எழும் பழக்கம் இருந்தால் 5 மணி வானம் தனிச் சொத்து. வடகிழக்கே 20 டிகிரி உயரத்தில் அறுமீன், அதாவது கார்த்திகை. நம் ஊரில் கார்த்திகை மாத மாலையில் எழுவதை இங்கே ஜூலையில் விடியலுக்கு முன் பார்க்கிறோம். ஜூலு, கோசா மக்கள் இதை இசிலிமேலா என்கிறார்கள். உழுதல் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர், ஏனென்றால் ஜூன் விடியலில் இது மீண்டும் தலைகாட்டியதும் உழவுக்கு நாள் எண்ணத் தொடங்குவார்கள். என்னோடு பணிபுரிந்த ஜூலு ஆசிரியர் இதைச் சொன்ன நாளில், அவருடைய பாட்டியும் என் பாட்டியும் ஒரே கொத்தைக் காட்டித்தான் பேசியிருக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கார்த்திகைக்குக் கீழே ரோகிணி. மாத நடுவுக்குப் பிறகு 5:30க்குக் கிழக்கே திருவாதிரையும் எட்டிப்பார்க்கும். அதே நேரத்தில் தெற்கே நல்ல இருட்டு இருந்தால், பால்வீதியிலிருந்து பிய்ந்துபோன இரண்டு துண்டுகள்போல மெகல்லன் மேகங்கள் நிற்கும். அவை தனி விண்மீன் மண்டலங்கள், பெரியது 1,60,000 ஒளியாண்டு, சிறியது ஏறக்குறைய 2,00,000. இவற்றைத் தமிழ்நாட்டில் பார்ப்பது மிகக் கடினம். மாலையில் அடிவானத்தோடு கிடப்பதால் இங்கேயும் ஜூலையில் விடியலே வேளை.

அருந்ததியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்பார். எழுமீன் என்னும் சப்தரிஷிகளில் வால் பக்கம் மட்டும் ஜூலை மாலை இருட்டியவுடன் வடக்கே அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வசிஷ்டரும் அருந்ததியும் டர்பனில் அதிகபட்சம் 5 டிகிரிதான் ஏறுவார்கள், அரை முட்டி உயரம். வடக்கே மேடோ மரமோ வீடோ இல்லாத இடத்தில் 6:40க்குப் பைனாகுலரோடு நின்றால் வசிஷ்டர் கிடைப்பார். அருந்ததி அந்தத் தடித்த காற்றில் தெரிவது அன்றைய வானத்தைப் பொறுத்தது. எனக்குப் பல ஜூலைகளில் மூன்று முறைதான் வாய்த்தது. ஜோகன்னஸ்பர்க்கில் 9 டிகிரி வரை ஏறுவதால் வாய்ப்பு அதிகம்.

கிரகங்களைப் பற்றி மாதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வருடத்துக்கு வருடம் இடம் மாறும். ஆனால் அம்மா பையில் பஞ்சாங்கம் கொண்டுவருவார் அல்லவா, அதுவே போதும். குரு ஒரு ராசியில் ஏறத்தாழ ஒரு வருடம், சனி இரண்டரை வருடம். ஜூலையில் சூரியன் மிதுனத்தையும் கடகத்தையும் சார்ந்து நிற்பதால் அந்த இரண்டில் உள்ள கிரகம் வெளிச்சத்தில் மறையும் அல்லது அடிவானத்தோடு போகும். கன்னி, துலாம், விருச்சிகம், தனுசில் இருந்தால் முன்னிரவில் உயரத்தில் தெரியும். கும்பம், மீனம் என்றால் நள்ளிரவுக்குப் பிறகு, மேஷம், ரிஷபம் என்றால் விடியலில். எல்லையில் சற்று முன்பின் இருக்கும், அவ்வளவுதான். ஆங்கிலப் பத்திரிகைகளின் ராசிபலன் பக்கத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அவர்கள் கணக்கு வானத்திலிருந்து 24 டிகிரி தள்ளி நிற்கிறது. வெள்ளி எப்போதும் சூரியனை ஒட்டியே வரும். அது மாலை வெள்ளியாக இருந்தால், அவித்த சோளம் கேட்கும் நட்சத்திரம் என்று ஜூலு மொழியில் அதற்குப் பெயர். சாப்பாட்டு வேளையில் வருவதால்.

மாதக் கடைசியில் எரிமீன்கள். டெல்டா அக்குவாரிட் என்ற பொழிவு ஜூலை 30ஐ ஒட்டி உச்சம் பெறும், நள்ளிரவுக்கு மேல் பார்க்க வேண்டும். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கே இது அதிகம் தெரியும். இருண்ட மலையடிவாரத்தில் மணிக்கு 15, 20 எண்ணியிருக்கிறேன், நகரத்தில் இரண்டோ மூன்றோ. அதே நாட்களில் வேறொரு பொழிவிலிருந்து மெதுவாக, மஞ்சளாக, பெரிதாக ஒன்றிரண்டு விழும். எண்ணிக்கையை நம்பி யாரையும் எழுப்பாதீர்கள். நட்சத்திரம் சொன்ன நேரத்துக்கு வரும், எரிமீன் வராது.

நாள் தேர்வுக்கு ஒரே விதி, அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்கள். ஜூலைப் பௌர்ணமி நிலா இங்கே ஏறக்குறைய உச்சி வரை ஏறி வானத்தையே வெளுத்துவிடும். இடம் என்று பார்த்தால் உம்லாங்கா கடற்கரையில் விளக்குகளுக்கு முதுகு காட்டி நின்றால் கடல் பக்கம் ஓரளவு இருட்டு. வடக்குக் கடற்கரையில் ஜூலை கரும்பு வெட்டும் காலம், தோட்டங்களுக்குத் தீ வைத்த மாலைகளில் புகை அடிவானத்தை மூடும். குளிர் காற்று ஒன்று வந்து மழை பெய்து தெளிந்த மறுநாள் இரவே டர்பனில் மிகச் சுத்தமானது. பால்வீதிக்கு டிராக்கென்ஸ்பர்க் அடிவாரத்து ஊரான அண்டர்பர்க் பக்கம் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள், காரில் இரண்டரை மணி நேரம். தங்கும் விடுதியின் முற்றத்திலேயே பாருங்கள், இரவில் சாலையோரம் காரை நிறுத்த வேண்டாம். ஜூலையில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அம்மாவுக்கு இரண்டு கம்பளி, காலுறை, குல்லா, வெந்நீர்ப் பை, பிளாஸ்கில் சுக்குக் காப்பி. வெளியே வந்து அரை மணி நேரம் கைபேசியைத் தொடாமல் இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

அம்மாவின் நட்சத்திரம் எது என்று நீங்கள் எழுதவில்லை. புனர்பூசமோ பூசமோ ஆயில்யமோ என்றால் அதை ஜூலையில் காட்ட முடியாது, சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அப்படியானால் அடுத்த முறை பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். மாத நடுவில் இரவு 11 மணியளவில் வடக்கே 40 டிகிரி உயரத்தில் பூசம் மங்கிய பனித்துளிக் கொத்தாக நிற்கும். தைப்பூசத்தன்று முழு நிலா அதன் பக்கத்திலேயே இருப்பதால் கொத்து கரைந்துபோகும். ஒரு பத்து நாள் கழித்து, நிலா எழுவதற்கு முன் பாருங்கள்.